‘இனி இந்த மாதிரிப் புத்தகம் வேண்டாம்’ என்ற முடிவைப் பற்றி

வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன கூட்டம் முடிந்த மறுநாள் நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் படித்தேன். ‘மனத்தைத் தேற்றும் வகை நாவல்கள், மறுமை பற்றிய கதைகள் இனித் தேர்வுப் பட்டியலில் இடம்பெறாது. மனக்கசப்பைத் தவிர்க்கவே இந்த முடிவு.’ இரண்டே வரி. தனியாகப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் எல்லோர் முன்னாலும் நடந்த சண்டை, பதிலையும் எல்லோரும் படிக்கட்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று நாம் சண்டை போட்டுக்கொண்ட புத்தகம், மிட்ச் ஆல்பமின் ‘தி ஃபைவ் பீப்பிள் யூ மீட் இன் ஹெவன்’ (சொர்க்கத்தில் நீங்கள் சந்திக்கும் ஐந்து பேர்), எனக்கும் பிடிக்கவில்லை. 2003இல் வந்த இந்தச் சின்ன நாவலை ஒரே இரவில் படித்து முடித்தேன், முடித்ததும் எரிச்சல்தான் மிஞ்சியது. ஆகவே இந்த மடலை அந்த நாவலின் ரசிகர் யாரோ ஆத்திரத்தில் எழுதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எடி ஒரு கடலோரப் பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினங்களைப் பழுதுபார்க்கிறவர். தன் 83ஆவது பிறந்தநாளன்று, கழன்று விழும் ஒரு சவாரிப் பெட்டியிலிருந்து சிறுமி ஒருத்தியைக் காப்பாற்றப் போய் இறந்துபோகிறார். மேலே ஐந்து பேர் அவருக்காக வரிசையாகக் காத்திருக்கிறார்கள். சிலரை அவருக்குத் தெரியும், சிலரைத் தெரியவே தெரியாது. ஒவ்வொருவரும் எடியின் வாழ்க்கையில் அவருக்கே புரியாமல் போன ஒரு துண்டை எடுத்து விளக்குகிறார்கள்.

என் எரிச்சல் அங்கேதான். ஐந்து பேர், ஐந்து பாடம். செத்த பிறகும் ஒரு மனிதனை வகுப்பில் உட்காரவைக்க வேண்டுமா? சம்பந்தமே இல்லாதது என்று ஒன்றும் அந்தக் கதையில் மிஞ்சுவதில்லை, எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடுகிறது. என் வாழ்க்கையில் பாதி முடிச்சுகள் எங்கே இருக்கின்றன என்றே எனக்குத் தெரியாது.

சரி, சண்டைக்கு வருகிறேன். நடந்தது உங்களுக்கும் தெரியும். நம்மில் ஒருவர் பேசும்போது குரல் உடைந்து, புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதார். அப்பாவுடன் வருடக்கணக்காகப் பேசாமலேயே அவரைப் பறிகொடுத்தவர் அவர். மூன்றாவதாக வரும் ரூபி, எடிக்கு அவர் அப்பாவின் சாவைப் பற்றிய உண்மையைச் சொல்லி, கோபத்தை இறக்கி வைக்கச் சொல்லும் இடத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது எதிர் வரிசையிலிருந்து, “அழ வெச்சிட்டா அது இலக்கியம் ஆயிடுமா?” என்று ஒரு குரல். உடனே இந்தப் பக்கத்திலிருந்து, “உங்க வீட்ல ஒரு சாவு விழுந்தாத் தெரியும்.”

இரண்டுமே சொல்லியிருக்கக் கூடாத வார்த்தைகள். ஆனால் இரண்டாவது, பொய்யும்கூட. எதிர் வரிசையில் இருந்தவரின் வீட்டில் சாவு விழுந்துதான் இருக்கிறது. கூட்டம் கலைந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார். (எழுதலாமா என்று கேட்டு, சரி என்றபிறகுதான் இதை எழுதுகிறேன்.) அவர் தம்பி இறந்த பத்தாம் நாளே இந்தப் புத்தகத்தை ஒரு நண்பர் கையில் கொடுத்து, “படிங்க, ஆறுதலா இருக்கும்” என்றாராம். அந்த நாட்களில் வருகிறவர்கள் எல்லோரும் ‘எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். புத்தகமும் அதையே சொல்லியது. பாதியில் மூடி, பரணில் போட்டுவிட்டார். “என் தம்பி செத்ததுக்குக் காரணம் வேண்டாம், அவன்தான் வேணும்” என்றார் என்னிடம்.

ஆக, இழப்பை அறிந்தவர்களுக்குப் பிடிக்கும், அறியாதவர்கள் கேலி செய்வார்கள் என்று அன்று அறையில் எல்லோரும் வைத்திருந்த கணக்கு தப்பு. அழுதவரும் கேலி செய்தவரும் ஒரே மாதிரியான காயத்தோடுதான் அதே பக்கங்களைப் புரட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கு அது மருந்து, இன்னொருவருக்கு அதே இடத்தில் உப்பு. இது தெரிய வருவதற்கு ஒரு வாசகர் வட்டத்தை விட்டால் வேறு எந்த இடம் இருக்கிறது? அதைத்தான் நீங்கள் மூடப் பார்க்கிறீர்கள்.

இன்னொருவர் அன்று ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார், சத்தத்தில் அது யார் காதிலும் விழுந்திருக்காது. பல வருடம் வண்டி ஓட்டியவர். முதலில் வரும் நீல மனிதனைப் பற்றிச் சொன்னார். வெள்ளி நைட்ரேட்டை மருந்தென்று சாப்பிட்டுத் தோல் நீலமாகிப்போன ஆள். (இது கற்பனை இல்லை. வெள்ளிச் சேர்மங்கள் உடம்பில் தங்கித் தோல் நிறம் மாறுவது மருத்துவம் அறிந்த விஷயம்தான்.) பந்தைத் துரத்தித் தெருவில் ஓடிவந்த சிறுவன் எடியின் மேல் ஏற்றாமல் காரைத் திருப்பி, அந்த அதிர்ச்சியிலேயே நெஞ்சடைத்து இறந்துபோனவர். சிறுவன் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான், அவனுக்கு எதுவுமே தெரியாது. நம் நண்பர் கேட்டது இவ்வளவுதான்: “அந்த ஆளு பையன் மேல கோபப்படலை, இல்ல?” கேள்வியா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டார். பாடம், பாடம் என்று நான் சலித்துக்கொண்ட அத்தியாயம் அது.

அதற்காக என் புகாரை வாபஸ் வாங்கவில்லை. கடைசியாக வரும் தாலா என்ற பிலிப்பைன்ஸ் சிறுமியைப் பற்றி நாம் பேசவே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய குறை. இரண்டாம் உலகப்போரில் எடி தீவைத்த குடிசைக்குள் எரிந்துபோனவள். சொர்க்கத்தில் அவள் தீக்காயங்களோடு வந்து நிற்க, எடி ஆற்றுநீரில் அவளைக் கழுவிவிடுகிறார், காயங்கள் உதிர்கின்றன. பூங்காவில் குழந்தைகள் விழாமல் பார்த்துக்கொண்ட அத்தனை வருடமும் வீண் இல்லை என்று அவளே அவருக்குத் தேறுதல் சொல்கிறாள். கண் கலங்க வைக்கும் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் எரித்தவனுக்கு ஆறுதல் சொல்லும் வேலையை எரிந்தவளிடம் யார் ஒப்படைத்தது? அவளைச் சந்திக்க வந்திருக்க வேண்டிய ஐந்து பேர் யார்? நாவல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதைப் பேசத்தான் நான் குறிப்பு எழுதி வந்திருந்தேன். அதற்குள் நாற்காலிகள் நகர்ந்துவிட்டன.

மறுமை நாவலுக்காக வாசகர்கள் அடித்துக்கொள்வது நம்மிடம் தொடங்கியதும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1868இல், எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் ‘தி கேட்ஸ் அஜார்’ (சற்றே திறந்த கதவுகள்) என்ற நாவலை வெளியிட்டார். போரில் அண்ணனையோ தம்பியையோ மகனையோ இழந்த வீடுகள் நிறைந்த நாடு. சொர்க்கத்திலும் நமக்குப் பிரியமானவர்கள் இருப்பார்கள், ஆசைப்பட்டவர்களுக்குப் பியானோகூட இருக்கலாம் என்றது அந்த நாவல். ஏராளமானோர் வாங்கிப் படித்தார்கள். மதகுருமார்கள் சிலர் வேதத்துக்குப் பொருந்தாது என்று சீறினார்கள். மார்க் ட்வெய்ன் அதைக் கிண்டலடித்து, யாழும் இறக்கையும் வாங்கிக்கொண்டு சலித்துப்போகும் ஒரு கப்பல் தலைவனின் கதையை எழுதி, 1909இல் புத்தகமாகவே கொண்டுவந்தார். அழுகை, சீற்றம், கேலி மூன்றும் அன்றும் இருந்தன.

இன்னும் பின்னால் போனால் நம் மணிமேகலையே இருக்கிறது. கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கும் சாதுவன், செத்தபின் சொர்க்கம் நரகம் உண்டு என்கிறான். நாகர் தலைவன் ‘கடுநகை எய்தி’, உடம்பை விட்டுப் போன உயிர் இன்னொரு இடத்தில் எப்படிப் புகும், சொல் பார்ப்போம் என்று கேட்கிறான். நம் எதிர் வரிசை நண்பரின் சிரிப்பும் கடுநகைதான். ஆனால் அங்கே சிரித்தவன் கேள்வியும் கேட்டான், சாதுவனும் பதில் சொன்னான். பேச்சு முறியவில்லை.

எனவே என் வேண்டுகோள்: அந்த இரண்டு வரியை வாபஸ் வாங்குங்கள். இதே நாவலை இன்னொரு மாதம் எடுங்கள், இந்த முறை தாலா அத்தியாயத்தை மட்டும். யார் பேசினாலும் ‘பிடித்தது, பிடிக்கவில்லை’ என்று ஆரம்பிக்காமல், எந்தப் பக்கத்தில் நின்றுபோனோம் என்று ஆரம்பிக்கட்டும். குரல் உடைகிறவருக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள். கேலி செய்கிறவரையும் வெளியே அனுப்ப வேண்டாம், அடுத்து என்ன கேட்கிறார் என்று பார்ப்போம்.

நம்மிடம் சுற்றிய பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. ரூபி வரும் பக்கத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டு, அப்புறம் ரப்பரால் அழித்திருக்கிறார்கள், தடம் போகவில்லை. தாலா பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் பெரிய கேள்விக்குறி என்னுடையது. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், சின்னதாக, இன்னொரு கேள்விக்குறியும் இருக்கிறது. அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. போட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வந்தால், அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி எனக்கு வேண்டும்.

அன்புடன்,
கடைசி வரிசையில் உட்காரும் ஒரு உறுப்பினர்