குலையில் கண்டது

குளுவாங்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, செயற்கைக் கருத்தரிப்பு மையத்தில் நீ பார்க்கும் கருக்களைப் பற்றிப் பேசினாய். மெத்தில் குறி என்பது மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அதன் வேலையை அடக்கிவைக்கும் ஒரு வேதிக் குறி என்றாய். கருவுற்ற முட்டையில் தாயும் தந்தையும் விட்டுச்சென்ற அக்குறிகளில் பெரும்பாலானவை முதல் சில நாள்களிலேயே அழிந்து, கரு கருப்பையில் பதிகிற காலத்தில் புதிதாக எழுதப்படுகின்றன என்றும், அழியக்கூடாத சில மட்டும் தப்பி நிற்கின்றன என்றும் சொன்னாய். அப்போது நான் பேசாதிருந்தது புரியாததால் அன்று. தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் தண்டலாக இருந்தபோது பார்த்த செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை மரங்கள் நினைவுக்கு வந்துவிட்டன.

ஒரே மரத்தின் திசுவிலிருந்து ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி வளர்த்த கன்றுகளைத் தோட்டத்தில் நட்டோம். நாற்றுமேடையில் ஒரு குறையும் தெரியவில்லை. காய்ப்புக்கு வந்த பிறகுதான், சில மரங்களில் பழத்தைச் சுற்றி விரல்விரலாகச் சதை மடல்கள் முளைத்திருப்பதைக் கண்டோம். ஒன்றை அரிந்து பார்த்தேன். உள்ளே பருப்பே இல்லை. பல குலைகள் பழுக்காமலே அழுகின. அதே திசுவில் பிறந்த பக்கத்து மரமோ நல்ல குலை தள்ளி நின்றது. உரம் சரியாகப் போடவில்லை என்று மேலிடத்தில் எங்களைத்தான் ஏசினார்கள். உன் அம்மா அப்போது உரம் போடும் வேலையில் இருந்தாள்.

2015இல் மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் காரணத்தை வெளியிட்டார்கள். பூவின் உறுப்புகளை வகுக்கும் மரபணுவுக்குள் ‘கர்மா’ என்று பெயரிட்ட ஒரு துண்டு இருக்கிறது. அதன்மேல் இருந்த மெத்தில் குறி அந்த மரங்களில் குறைந்துபோயிருந்தது. மரபணுவின் எழுத்தில் மாற்றமில்லை. நான் அதை வாசித்துப் பொருள் சொன்னபோது உன் அம்மா, “அப்ப உரம் இல்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன். செயற்கைக் கருத்தரிப்பில் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே வளர்கிறார்கள் என்பதை அறிவேன். ஆயினும் பிள்ளையின் உடல் அளவுமீறி வளரும் பெக்வித்-வீடமன் என்னும் அரிய குறைபாடு, பெரும்பாலும் இக்குறிகள் பிசகுவதால் வருவது, அவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறதே. ஐந்தாம் நாள் கருவைத் தட்டில் பார்த்து நன்று என்று நீங்கள் முடிவு செய்வது, நாற்றுமேடையில் கன்றைப் பார்த்து நாங்கள் முடிவு செய்தது போன்றதுதான். பிள்ளை பிறந்ததோடு ஏட்டை மூடிவிடாமல், பள்ளி செல்லும் வயதுவரை விசாரித்து எழுதி வையுங்கள். இத்தகைய குறை ஏதும் தெரிந்தால், அது அவள் உண்டதாலோ நடந்ததாலோ வந்ததன்று என்பதை அந்தத் தாய்க்கு முதலில் சொல், அம்மா.

அன்புடன்,
அப்பா