நோய் வருமுன் வீட்டைச் சோதிக்கலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

உடல்நலம் என்றாலே நாம் தனிமனிதருக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். நடங்கள், உப்பைக் குறையுங்கள், புகையை விடுங்கள் என்று. எல்லாம் நல்ல அறிவுரைதான். ஆனால் ஒரு பகுதி மக்கள் பக்கத்துப் பகுதி மக்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாக இறந்துபோவதை அறிவுரையால் தடுக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் அமைத்த, மைக்கேல் மார்மட் தலைமையிலான ஆணையம் 2008இல் தந்த அறிக்கையில் ஓர் உதாரணம் வருகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கால்டன் என்ற ஏழைப் பகுதியில் பிறக்கும் ஆண் குழந்தையின் ஆயுள், சில கிலோமீட்டர் தள்ளி லென்சியில் பிறக்கும் ஆண் குழந்தையின் ஆயுளைவிட அப்போது சராசரியாக 28 ஆண்டுகள் குறைவாக இருந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே இலவச மருத்துவ சேவைதான்! அப்படியென்றால் இந்த இடைவெளியின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே உருவாகிறது. வீடு, குடிநீர், சாக்கடை, பேருந்துத் தடம், குடியிருப்பை ஒட்டி ஆலைக்குத் தரும் அனுமதி என்று பலதும் உள்ளாட்சி மன்றங்களில் முடிவாகிறவை.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரம் செய்ததைச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் பூசியிருந்த ஈயம் கலந்த பெயின்ட் உதிர்ந்து, அந்தத் தூசு குழந்தைகளின் உடம்பில் சேர்ந்தது. ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெட்டதை மீட்க மருந்து கிடையாது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள், பழுது பார்க்காத வாடகை வீடுகளில் இருந்த ஏழைக் குடும்பங்கள். அதுவரை நடைமுறை எப்படி இருந்தது தெரியுமா? ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் தெரிந்த பிறகுதான் அந்த வீட்டைப் பார்க்கப் போவார்கள். ஊர்க்காரர்கள் விடாமல் வற்புறுத்தியதால் 2005 டிசம்பரில் நகரமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1978க்கு முன் கட்டிய வாடகை வீடுகளில் ஈய அபாயம் உண்டா என்று சோதிக்க வேண்டும், இருந்தால் உரிமையாளர் சரிசெய்ய வேண்டும். 2006 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அப்புறம் அங்கே ஈயத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. எந்தத் தாயையும் "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்" என்று யாரும் கடிந்துகொள்ளத் தேவைப்படவில்லை.

சட்டம் போட்டால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. சோதிக்க ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். புகார் சொன்ன குடித்தனக்காரரை வீட்டைவிட்டுத் துரத்தாதபடி பாதுகாப்பும் வேண்டும், இல்லையென்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், பாதிக்கப்படுகிறவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். தினக்கூலிக்காரர் வேலையில் இருக்கும் நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் சுகாதார நிலையம் அவருக்கு எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை அவர்தான் சொல்ல முடியும். ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டத்தையும் அதே நேரத்தில்தானே வைக்கிறார்கள்!

உங்கள் இதழால் ஒரு உதவி செய்ய முடியும். நகரம் முழுவதற்குமான சராசரியோடு நின்றுவிடாமல், குழந்தை இறப்பு, காசநோய், குடிநீர்த் தரம் ஆகியவற்றை வார்டு வாரியாகக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். நல்லாயிருக்கும் பகுதிகளின் கணக்கு மற்ற பகுதிகளின் நிலையைச் சராசரிக்குள் மறைத்துவிடுகிறது. உள்ளாட்சித் தேர்தல் வரும்போது அந்தப் பட்டியலை வேட்பாளர்களிடம் நீட்டி, இந்த நிலையைச் சரிசெய்ய எந்த விதியை முதலில் மாற்றுவீர்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்