டப்பாவின் முன்பக்கத்திலேயே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்கப் போனால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆப்பிளும் வாங்கிப் போவது நம் ஊர்களில் இன்றும் மாறாத பழக்கம். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வெறுங்கையோடு போகக் கூடாது, அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாகப் பார்த்த விளம்பரம் இப்படித்தான் மரியாதையாகவே மாறிவிட்டது.

இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவிலிருந்து நீக்கும்படி 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களிடம் மத்திய அரசு சொன்னது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. சரி, தளத்தில் பெயர் மாறியது. வீட்டில்? பிள்ளை உயரமாக வளரும் என்று நம்பி, பாலில் இரண்டு ஸ்பூன் பொடி, அப்புறம் அதற்கு மேல் சர்க்கரையும் போட்டுக் கொடுக்கும் பெற்றோருக்கு இதை யார் சொல்வது?

சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை அதிகமுள்ள பொட்டலங்களின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. நம் டப்பாக்களில் அந்த விவரம் பின்பக்கம், பொடி எழுத்தில். இங்கும் முன்பக்க எச்சரிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை உங்கள் நாளிதழ் வாரம் ஒரு லேபிளை எடுத்துத் தமிழில் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

– ஒரு வாசகர், விருதுநகர்