விருந்தாளியா, வாடகைக்கு வந்தவரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு அறைகளை நாள் வாடகைக்கு விடுபவர்கள் படும் பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டிக்கொண்டே படித்தேன். இரண்டாம் முறைதான் ஒன்று உறுத்தியது. தப்பெல்லாம் தங்க வந்தவர்கள் பேரில். வீட்டுக்காரர்களாகிய நாங்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள் என்பதுபோல எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஏழு வருடமாக மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே குடியிருப்பவள் நான். அந்த நற்சான்றிதழை அப்படியே வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முதலில் என் பங்குக்குக் கொஞ்சம் புலம்பிவிடுகிறேன். இரண்டு பேர் என்று பதிவு செய்துவிட்டு ஐந்து பேராக வந்து இறங்கியிருக்கிறார்கள். "பசங்கதானே, ஓரமாகப் படுத்துக்கொள்வார்கள்" என்றார்கள். பசங்க என்றது மீசை வைத்த ஆட்களை. ஜன்னலைத் திறந்து போட்டு, ஏசியை ஓடவிட்டு, நாள் முழுக்க வெளியே சுற்றப் போனவர்கள் உண்டு. ஈரத் துண்டை மர மேஜைமேல் மடித்து வைத்துவிட்டுப் போன ஒருவரின் நினைவாக அந்த வெள்ளைத் திட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. வீட்டுச் சாவியோடு ஊர் போய்ச் சேர்ந்தவர் ஒருவர், நான் போன் செய்தபோது "அடடா, உங்களிடம் இன்னொன்று இருக்குமே" என்றார். குளியலறையில் சிகரெட் பிடித்துவிட்டு ஃபேனைப் போட்டால் போதும் என்று நினைப்பவர்களைத்தான் என்னால் மன்னிக்கவே முடிவதில்லை. புகைதான் வெளியே போகும். நிகோட்டின் சுவரிலும் திரைச்சீலையிலும் மெத்தையிலும் படிந்து மாதக்கணக்கில் கூட இருக்கும். அடுத்து வருபவர் கதவைத் திறந்ததும் முகம் சுளிப்பது என்னைப் பார்த்துத்தான்.

சரி, புலம்பல் போதும். இப்போது நான் வெட்கப்படுகிற கதை.

ஒரு இளைஞன் மூன்று வாரம் தங்கினான். இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு மாடியில் வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடுகிறது. தூக்கம் போய்விட்டது. மறுநாளும் அதே நேரம், அதே சத்தம். நான்காம் நாள் படியேறிப் போய், ஒரு வாரத்துக்கான கோபத்தை ஒரே மூச்சில் கொட்டினேன். அவன் வெலவெலத்துப் போனான். இரவு வேலை முடிந்து வருகிற பையன். எனக்கு இரண்டு மணி நடுச்சாமம் என்றால் அவனுக்கு அது சாயங்காலம். மெஷினுக்கு நேர் கீழே நான் படுத்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. "முதல் நாளே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி" என்றான். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதன்பிறகு அவன் இருந்த நாளெல்லாம் பூனை மாதிரிதான் நடந்தான். அது என்னை இன்னும் குறுக வைத்தது.

என் அனுபவத்தில் தொந்தரவுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம். வேண்டுமென்றே செய்வதில்லை, தெரியாமல் செய்வது. அவர்கள் வீட்டில் சுவர் கனமாக இருக்கலாம், மாடியே இல்லாமல் இருக்கலாம். "நாங்கள் கத்தவில்லையே, பேசத்தானே செய்தோம்" என்று இரவு பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் இருந்தவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் நன்றாகத் தூங்க வேண்டுமானால் படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரணப் பேச்சே சுமார் 60 டெசிபல் வரும். கத்தத் தேவையே இல்லை.

அப்படியானால் ஏன் முதல் நாளே சொல்வதில்லை? கட்டுரை தொடாத இடம் இதுதான். 'விருந்தாளி' என்ற சொல்லில் நாங்கள் சிக்கிக்கொள்கிறோம். வாசலில் பெட்டியோடு நிற்பவரைப் பார்த்ததும் வாடகை மறந்துவிடுகிறது. வந்தவரிடம் 'இதைச் செய்யாதீர்கள்' என்று எப்படிச் சொல்வது? சிரித்து வரவேற்கிறோம், "உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். அவர்கள் நிஜமாகவே அப்படி நினைத்துக்கொண்டால் உள்ளுக்குள் வெந்து சாகிறோம். அவர்களுக்கும் இதே குழப்பம்தான். காசு கொடுத்திருக்கிறோம் என்பதால் ஓட்டல் வசதியும் வேண்டும், வீடு என்பதால் சொந்தக்காரர் உரிமையும் வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சும்மாவா சொன்னார்கள்? "இன்னும் ரெண்டு நாள்" என்று நீட்டிக்கொண்டே போகிறவர்கள் விஷயத்தில் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. நியூயார்க்கில் ஒருவர் 30 நாள் தங்கிவிட்டால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. இப்படி ஏதாவது ஒரு கணக்கு வேறு இடங்களிலும் உண்டு. நீட்டிப்புக்குத் தலையாட்டும் முன் உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வாஷிங் மெஷின் சம்பவத்துக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. சாவியைக் கையில் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் கூடவே நடந்து சொல்லிவிடுகிறேன், காரணத்தோடு. 'இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது' என்று சுவரில் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை. "இதோ, இந்த மெஷினுக்கு நேர் கீழே என் கட்டில்" என்று காட்டினால் யாரும் மறப்பதில்லை. எத்தனை பேர் தங்கப் போகிறார்கள் என்பதை மட்டும் எழுத்தில், பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கிவிடுகிறேன். அறையை அவர்கள் வரும் முன்பும் போன பின்பும் படம் எடுத்து வைக்கிறேன். வீட்டு அறைகளை வாடகைக்குப் பதிவு செய்யும் ஏர்பிஎன்பி போன்ற இணையதளங்களில் சேதத்துக்கு இழப்பீடு கேட்பதானால், விருந்தினர் கிளம்பி 14 நாளுக்குள் கேட்க வேண்டும். படம் இல்லாமல் கேட்பது வெறும் வாய்ச்சொல்.

இவ்வளவு சொல்லியும் கேட்காதவர்கள் இருப்பார்கள். இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்காகக் கூடத்தில் கேமரா வையுங்கள் என்று கட்டுரையாளர் சொல்கிறாரே, அதை மட்டும் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் எங்குமே கேமரா கூடாது என்று தடை போட்டுவிட்டது, பொதுக் கூடம் உட்பட. பேச்சைப் பதிவு செய்யாமல் சத்தத்தின் அளவை மட்டும் காட்டும் கருவிக்கு அனுமதி உண்டு. அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், படுக்கையறையில் வைக்கக் கூடாது. விதி கிடக்கட்டும். நான் உட்காரும் இடத்தை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும் வீட்டில் நான் ஒரு இரவு கூடத் தங்க மாட்டேன். கீழேயே குடியிருப்பவளுக்கு என் காதே போதும்.

கேட்காதவர்களுக்கு எங்கள் கையில் இருப்பது, அவர்களைப் பற்றி நாங்கள் தளத்தில் எழுதும் மதிப்புரை. அதில்தான் நான் இரண்டாவது தடவை வெட்கப்பட்டேன். அந்த ஐந்து பேர் கூட்டம் போனபின் எனக்கு ஒரு நாள் முழுக்கச் சுத்தம் செய்யும் வேலை. ஆனாலும் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'இனிமையான குடும்பம்' என்று எழுதினேன். எதற்கு வம்பு என்றுதான். இரண்டு மாதம் கழித்து, முன்பின் தெரியாத இன்னொரு வீட்டுக்காரரிடமிருந்து செய்தி: "நீங்கள் எழுதியதை நம்பித்தான் அறை கொடுத்தேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். திட்டியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பழிக்குப் பழியாக அவர்களும் மோசமாக எழுதிவிடுவார்களோ என்ற பயத்துக்கு இப்போது பெரிதாக இடமில்லை. ஏர்பிஎன்பி 2014இலேயே முறையை மாற்றிவிட்டது. இரு தரப்பும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கெடு முடியும் வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அப்படியும் பூசி மெழுகுவது விடவில்லை. 2015இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் தளத்து வீடுகளைக் கணக்கெடுத்தபோது கிட்டத்தட்ட 95 சதவீதத்துக்கு நாலரையோ ஐந்தோ நட்சத்திரம் இருந்தது. அது விருந்தினர்கள் வீடுகளுக்குக் கொடுத்த மதிப்பெண். நாங்கள் விருந்தினர்களுக்குக் கொடுப்பதைக் கணக்கெடுத்தால் இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பது என் சந்தேகம்.

இப்போதெல்லாம் திட்டாமல், நடந்ததை மட்டும் எழுதுகிறேன். 'இரண்டு பேருக்குப் பதிவு செய்து ஐந்து பேர் தங்கினார்கள். கேட்டபோது கூடுதல் வாடகை தரவில்லை.' படிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

ஒரு வேண்டுகோள். இன்னொரு இதழில் தங்கிப் போனவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அந்த வாஷிங் மெஷின் பையன் எனக்கு எத்தனை நட்சத்திரம் போட்டான் என்று இன்றுவரை நான் திறந்து பார்க்கவில்லை.

இப்படிக்கு,
மாடியை வாடகைக்கு விடும் ஒரு வாசகி