எங்கட வாசகர் வட்டத்தின்ட ஆண்டறிக்கை 2024/25

தலைவர் அக்காவுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், மழையெண்டும் பாராம வந்து சேர்ந்த எல்லாருக்கும் வணக்கம். போன பொதுக்கூட்டத்தின்ட அறிக்கையை ஒரு கிழமைக்கு முன்னமே வாட்ஸ்அப் குரூப்பில போட்டாச்சு, ஒருத்தரும் ஆட்சேபம் சொல்லேல்ல, தம்ஸ்அப் மட்டும்தான் வந்தது, ஆனபடியா ஏற்றுக்கொண்டதா எடுத்துக்கொண்டு நேரா விசயத்துக்கு வாறன். கணக்கை எனக்குப் பிறகு பொருளாளர் அண்ணா வாசிப்பார், காசு சம்பந்தப்பட்ட கேள்வியெல்லாம் அவரிட்டக் கேளுங்கோ.

புதுசா வந்திருக்கிற ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாங்கள் வாசிக்கிறது புத்தகக்கடையில யங் அடல்ட் எண்டு எழுதி ஒரு மூலையில அடுக்கி வச்சிருக்கிற சாமான்தான், அதிலயும் ஃபான்டஸியும் டிஸ்டோபியாவும். மந்திரவாதி, டிராகன், இடிஞ்சு போன நகரம், அரசாங்கத்தை எதிர்த்து ஓடுற பதினாறு வயசுப் பெட்டை, இதுகள்தான் எங்கட சரக்கு. யூனிஃபோமோட வாற பிள்ளைகளும் இருக்கினம், பென்ஷன் எடுத்த அங்கிள்மாரும் இருக்கினம், நடுவில என்னை மாதிரி ஒஃபிஸ் முடிச்சு பஸ்ஸில தொங்கிக்கொண்டு அத்தியாயத்தை முடிக்கிற கூட்டமும் இருக்கு.

போன பொதுக்கூட்டத்தில ஒரு பிரேரணை வந்தது ஞாபகமிருக்கும், சின்னப்பிள்ளைப் புத்தகங்களைக் குறைச்சு கொஞ்சம் கனதியானதுகளை வாசிப்பம் எண்டு. அதை வாக்கெடுப்புக்கு விடாம ஒத்தி வச்சம். செயலாளர் நடுநிலையா இருக்கோணும் எண்டு யாப்பில இருக்காம், சரி, இந்தப் பந்தி முடியும் வரைக்கும் நான் நடுநிலை.

இடப் பிரச்சினையையும் சொல்லவேணும். வருஷத் தொடக்கத்தில நாங்கள் கூடின மண்டபத்தை ஓ.எல். (சாதாரணதரச் சோதனை) ரிவிஷன் கிளாஸுக்குக் குடுத்திட்டினம், அதுக்கு வாடகை கூட வருமாம், அதில சொல்ல ஒண்டுமில்லை. இப்ப வெள்ளவத்தையில ஒரு உறுப்பினரின்ட ஃபிளாட்டில கீழ்மாடியில கூடுறம், கடற்கரைப் பக்கம், கோச்சி போகேக்க ஒருத்தர் கதைக்கிறது மற்றவருக்குக் கேக்காது, ஆனா ஃபிரீ. வாசிப்பு வட்டத்தை ரியூஷன் தள்ளி விட்ட கதையைக் கொஞ்சம் மனசில வச்சுக்கொள்ளுங்கோ, ஏனெண்டா இந்த வருஷம் முழுக்க நாங்கள் கதைச்சது அதைப் பற்றித்தான்.

தொடங்கினது மேரி லூ எழுதின லெஜண்ட். 2011இல வந்தது, பாதி வெள்ளத்தில தாண்டு போன லொஸ் ஏஞ்சலிஸில நடக்கிற கதை. அங்க ஒவ்வொரு பிள்ளையும் பத்து வயசில ட்ரயல் எண்டு ஒரு சோதனை எடுக்கோணும், மொத்தம் 1500 புள்ளி. 1450க்கு மேல எடுத்தா நல்ல பள்ளிக்கூடம், பிறகு பெரிய யூனிவர்சிட்டி, 1000க்குக் கீழ போனா லேபர் கேம்ப் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போயிடுவினம். ஜூன் எண்ட பெட்டை 1500க்கு 1500, டே எண்ட பெடியன் ஃபெயில், ரெண்டு பேரும் பதினைஞ்சு வயசில எதிரும் புதிருமா நிக்கினம். அண்டைக்கு ஒரு அங்கிள் சர்வாதிகாரம், இராணுவ ஆட்சி எண்டு நல்லாத்தான் விளக்கிக்கொண்டிருந்தவர், இடையில எங்கட ஆகச் சின்ன உறுப்பினர், அந்தத் தங்கச்சி, கையைத் தூக்கி, "அங்கிள், இது ஸ்கொலஷிப்தானே" எண்டு கேட்டா.

அதுக்குப் பிறகு மண்டபத்தை அடக்க ஏலாமப் போச்சு. அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில், அதே பத்து வயசு, வருஷத்துக்கு மூண்டு லட்சத்துக்குக் கிட்டப் பிள்ளைகள் எடுக்கிறது, ரெண்டு பேப்பர், 200 புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேற வேற வெட்டுப்புள்ளி. ஒரு அம்மா சொன்னவா, மகள் எடுத்த வருஷம் சொந்தத் தம்பின்ட கலியாண வீட்டுக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகேல்லயாம். இன்னொருத்தர் வெட்டுப்புள்ளிக்கு ரெண்டு புள்ளி குறைஞ்சு போனவர், இப்ப பெரிய உத்தியோகம், தலையில நரையும் விழுந்திட்டுது, ஆனா அந்த ரெண்டு புள்ளியைச் சொல்லேக்க குரல் மாறினது எல்லாருக்கும் கேட்டது. 2024 சோதனையில கேள்விகள் முன்னுக்கே வெளிய வந்து, விசயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், மூண்டு கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி குடுக்கச் சொல்லி முடிஞ்சதையும் ஒருத்தர் எடுத்து விட்டார். கற்பனை நாட்டு ட்ரயலிலயும் புள்ளியை நம்ப ஏலாது, அது எப்பிடியெண்டு நான் சொல்லேல்ல, வாசிக்காத ஆக்கள் இருக்கினம்.

அதுக்குப் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் "இதில சோதனை எங்க" எண்டு தேடுறது எங்களுக்கு ஒரு பழக்கமாப் போச்சு, தேடினா இருக்குது. லோயிஸ் லோரியின்ட த கிவர், 1993, அதில பன்ரெண்டு வயசில மேடையில ஏத்தி, நீ இந்த வேலை நீ அந்த வேலை எண்டு மூத்தோர் சபை பிரிச்சுக் குடுக்கும், பிள்ளையிட்ட ஒருத்தரும் கேக்கிறேல்ல. ஸ்கொட் வெஸ்டர்ஃபெல்டின்ட அக்லீஸ், 2005, பதினாறு வயசில ஒப்பரேஷன் செய்து எல்லாரையும் வடிவாக்கிறது. வெரோனிக்கா ரோத்தின்ட டைவர்ஜென்ட்டில அதே பதினாறு வயசில ஒரு சோதனை, பிறகு ஆளுக்கொரு குணம் எண்டு பிரிச்ச அஞ்சு பிரிவில ஒண்டைத் தெரிவு செய்யோணும், பிறந்த பிரிவை விட்டு வேற பிரிவைத் தெரிஞ்சா வீட்டை விட்டே போகோணும். இதை ஏ.எல்.லுக்கு (உயர்தரத்துக்கு) மாட்ஸா பயோவா எண்டு வீட்டில சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கிற பிள்ளையிட்டக் குடுத்துப் பாருங்கோ. எங்களுக்கு இதெல்லாம் வருங்காலக் கற்பனை, அந்தப் பிள்ளைக்கு போன கிழமை வீட்டில நடந்த கதை. நீ ஆரெண்டு உனக்கே விளங்க முன்னம் ஒரு மேசைக்குப் பின்னால இருக்கிற ஆக்கள் அதை முடிவு செய்திடுவினம் எண்ட பயத்தை இவ்வளவு நேரா எழுதுற புத்தகம் பெரியாக்கள்ட தட்டில எத்தினை இருக்கு? கனதி இல்லை எண்டு சொன்ன ஆக்கள் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கோணும். (பந்தி முடிஞ்சு கனநேரம், நடுநிலையும் முடிஞ்சுது.)

அதுக்காக எல்லாத்தையும் தலையில தூக்கி வச்சு ஆடேல்ல. டைவர்ஜென்ட்டின்ட உலகம் நிண்டு யோசிச்சா நிக்காது, ஒரு முழு நகரம் அஞ்சு குணத்தில ஓடும் எண்டா அங்க கக்கூஸ் கழுவுறது எந்தக் குணம் எண்டு ஒரு அக்கா கேட்டா, எல்லாரும் சிரிச்சம், பிரிவில்லாத ஏழைகள்தான் அதைச் செய்யினம் எண்டு கதையிலயே இருக்கு எண்டு ஒரு தம்பி பதில் சொன்ன பிறகு சிரிப்பு நிண்டிட்டுது. மூண்டாம் பாகத்தின்ட முடிவு ஒருத்தருக்கும் பிடிக்கேல்ல. ஒரு பெட்டைக்கு ரெண்டு பெடியள் எண்ட காதல் முக்கோணமும் எனக்கு அலுத்துப் போச்சு, ஆனா பிள்ளைகளுக்கு அலுக்கேல்லயாம், அது அவையின்ட உரிமை.

த ஹங்கர் கேம்ஸுக்குத்தான் ஆகக் கூடச் சனம் வந்தது, இருக்க இடமில்லை. டிஸ்ட்ரிக்டுகளில குலுக்கல் போட்டுப் பிள்ளைகளை எடுத்து, ஒருத்தரை ஒருத்தர் கொல்ல விட்டு, கேப்பிட்டல் எண்ட தலைநகரம் அதை ரீவியில காட்டிற கதை. சுசான் கொலின்ஸ் அதை எழுதினது 2008, ரீவியில சனல் மாத்தி மாத்திப் பாக்கேக்க ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, மற்றப் பக்கம் ஈராக் யுத்தம், ரெண்டும் கலந்து வந்த யோசனை எண்டு அவாவே சொல்லியிருக்கிறா. படம் பார்த்த ஆக்களுக்கு அம்பும் வில்லும்தான் ஞாபகம், புத்தகத்தில என்னைப் பிடிச்சு இருத்தினது டெசரா எண்ட விசயம். பன்ரெண்டு வயசில உன்ர பேர் குலுக்கலில ஒருக்கா விழும், வருஷத்துக்கு ஒண்டு கூடி பதினெட்டில ஏழு. ஆனா வீட்டில சாப்பாடு காணாட்டி பேரை இன்னொருக்காப் போடலாம், அதுக்கு ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்குக் காணுமோ காணாதோ எண்ட அளவில தானியமும் எண்ணெயும் தருவினம், போட்ட பேர் அடுத்த வருஷமும் அழியாது. அப்பிடி கதாநாயகி காட்னிஸுக்கு 20 தரம், அவளின்ட கூட்டாளி கேலுக்கு 42 தரம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் சட்டம் ஒண்டுதான், பசிதான் வேற.

எங்கட மூத்த உறுப்பினர் அன்ரி இந்தப் பக்கங்களை வாசிச்சிட்டு 70களில கூப்பன் அரிசிக்கும் பாணுக்கும் விடியக் காலமை சங்கக்கடை வாசலில நிண்டதைச் சொன்னவா. அவாக்குப் பக்கத்தில இருந்த பெடியன் 2022இல பெற்றோலுக்கு கியூஆர் காட்டினதையும், வாகன நம்பரின்ட கடைசி இலக்கம் பார்த்து நாள் ஒதுக்கினதையும், கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால கட்டி வரிசையில விட்டிட்டுப் போனதையும் சொன்னான். பாட்டியும் பேரனும் மாதிரி ரெண்டு பேர் ஒரே அனுபவத்தைக் கதைச்சுக்கொண்டிருந்திச்சினம், நடுவில அம்பது வருஷம்.

பிறகு சண்டை. டிஸ்ட்ரிக்ட் எண்டு வாசிச்ச உடன எங்கட ஆக்களுக்கு மாவட்டக் கோட்டாதான் வரும், வந்தது. யூனிவர்சிட்டி அனுமதியில பெரும்பாலான பாடநெறிக்கு 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. கொழும்பில இசட் ஸ்கோர், அதாவது ஏ.எல். புள்ளி, போதாமப் போன பிள்ளையின்ட தாய் ஒரு பக்கம், முல்லைத்தீவில படிச்சு வந்த அண்ணா மற்றப் பக்கம், 70களின்ட யூனிவர்சிட்டிப் புள்ளித் தரப்படுத்தல் வரைக்கும் போய் தொண்டை அடைச்சுது. தலைவர் அக்கா மணி அடிக்க வெளிக்கிட்டா. அப்ப ஹட்டன் பக்கம் பிறந்து வளர்ந்த உறுப்பினர் ஒருத்தர், கூட்டத்தில அவ்வளவா வாய் திறக்காத ஆள், சொன்னாங்க: "பதினொன்னாம் டிஸ்ட்ரிக்ட்ல தோட்டத்துல வேல செய்றவங்க பறிக்கிறத திங்கக் கூடாது, தின்னா சவுக்கடின்னு இருக்கு. எங்கம்மா கொழுந்து பறிச்சாங்க, நல்ல தேத்தூள நாங்க குடிச்சதில்ல. இங்க ஒக்காந்து எந்த மாவட்டம் கஷ்டம்னு பேசுறோமே, நம்ம எல்லாரும் இப்ப கேப்பிட்டல்லதானே இருக்கோம்." மணி அடிக்க வேண்டி வரேல்ல.

அந்தப் பதினொண்டாம் டிஸ்ட்ரிக்ட் ரூ எண்ட பிள்ளைக்குக் கறுத்த மண்ணிறத் தோல் எண்டு கொலின்ஸ் தெளிவா எழுதியிருந்தும், 2012இல படம் வந்த நேரம் ஏன் கறுப்புப் பிள்ளையைப் போட்டவை எண்டு இணையத்தில சனம் குமுறினது. இதையொட்டி நாங்கள் வாசிச்சது உர்சுலா லெ குவின்ட எ விஸர்ட் ஒஃப் எர்த்ஸீ, 1968, அந்தக் காலத்திலயே கதாநாயகன் கெட் செம்மண்ணிறம், அவன்ர கூட்டாளி வெட்ச் கறுப்பு. 2004இல ரீவித் தொடராக்கேக்க கெட்டுக்கு வெள்ளைக்கார நடிகரைப் போட, லெ குவின் பகிரங்கமாவே எதிர்த்து எழுதினவா. புத்தகம் கொஞ்சம் மெதுவாத்தான் போகும், பிள்ளைகளில பாதிப் பேர் முடிக்கேல்ல. முடிச்ச ஆக்கள் இப்ப மற்றப் பாகங்களுக்கு அடிபடுகினம்.

விஞ்ஞானக் கதை எழுதின ஆதர் சி. கிளார்க்கைச் சேர்க்காதது பற்றி பென்ஷன் அங்கிள் ஒருத்தர் எழுத்தில முறைப்பாடு தந்திருக்கிறார். 1956இல இருந்து 2008இல சாகும் வரைக்கும் இந்தத் தீவில இருந்த மனிசன், இளம் ஆக்களுக்கெண்டே டொல்ஃபின் ஐலண்ட் எண்டு 1963இல எழுதியும் இருக்கிறார், எங்கட ஊர்க்காரர் மாதிரி, நியாயம்தான், வாற வருஷப் பட்டியலில போட்டாச்சு.

புத்தகம் எடுக்கிறது பெரிய பாடு. 2022க்குப் பிறகு டொலர் ஏறின ஏத்தத்தில வெளிநாட்டுப் புத்தகத்தின்ட பின்னட்டையைத் திருப்பிப் பார்க்கவே பயம். புரட்டாதியில பிஎம்ஐசிஎச் மண்டபத்தில நடக்கிற புத்தகக் கண்காட்சி, பப்ளிக் லைப்ரரி, மற்றது டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகள். அந்தக் கடைகளில ரெண்டாம் பாகம் எப்பவும் இருக்கும், முதலாம் பாகம் மட்டும் இராது, இது என்ன சாபமோ தெரியேல்ல. வாங்கினதை எல்லாரும் சுத்தில வாசிக்கிறம். ஹங்கர் கேம்ஸின்ட முன்கதையான சன்ரைஸ் ஒன் த ரீப்பிங் 2025 பங்குனியில வந்த உடன ஒரு பிரதிதான் எங்களிட்ட இருந்தது, அம்பதாவது கேம்ஸ், வழக்கமான 24க்குப் பதிலா 48 பிள்ளைகள், அதை வாசிச்சு முடிச்ச ஆக்கள் மற்றவைக்குக் கதையைச் சொல்லிக் குடுத்ததால குரூப்பில ஸ்பாய்லர் சட்டம் ஒண்டு கொண்டுவந்தம், மீறினா அடுத்த கூட்டத்துக்கு ரோல்ஸ் அவையின்ட செலவு. பிடிஎஃப் பகிர்றது பற்றின விவாதம் முடியேல்ல, குழு நிலைப்பாடு: குரூப்பில போடக் கூடாது.

ஒரு குறை இருக்கு, அதை இந்தச் சபையிலயே வைக்கிறன். இவ்வளவும் வாசிக்கிறது இங்கிலீஷில, கதைக்கிறது தமிழில. இந்த வயசுப் பிள்ளைக்கு இந்த மாதிரி ஒரு கதை, காலி வீதியில நடக்கிற மாதிரி, தமிழில தா எண்டு அந்தத் தங்கச்சி கேட்டா என்ர கையில குடுக்க ஒண்டுமில்லை. ஆனபடியா வாற வருஷம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கிறதா குழு முடிவெடுத்திருக்கு, பள்ளிக்கூடத்தில முந்தி செய்த மாதிரித்தான், ஃபோட்டோகொப்பி அடிச்சு. தங்கச்சி ஏற்கனவே முதலாம் அத்தியாயம் தந்திட்டா: இசட் ஸ்கோர்படி ஃபிளாட்டில மாடி ஒதுக்கிற கொழும்பு, லிஃப்ட் பத்தாம் மாடிக்குக் கீழ நிக்காது. அடுத்த அத்தியாயம் ஓ.எல். முடியத்தானாம்.

பிளேன்ரீ ஊத்தின அக்காமாருக்கும், ஃபிளாட்டைத் தந்த குடும்பத்துக்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட மேல்மாடிக்காரருக்கும் நன்றி. ஒத்தி வச்ச பிரேரணை இண்டைக்கு கணக்கறிக்கைக்குப் பிறகு வாக்கெடுப்புக்கு வருது, பதினெட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு எண்டு யாப்பைப் பார்த்து உறுதிப்படுத்தியாச்சு. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பிரேரிக்கிறன், ஆமோதிக்க ஒருத்தர் கையைத் தூக்குங்கோ.