வருவதற்கு முன் ஆர்டிஓ ஆபீஸ் வேலையை முடித்துவிடு

ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா
ஜூலை 6

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தினம் வாட்ஸப்பில் பேசிக்கொள்கிறோம், ஆனாலும் உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம்! இரண்டு தடவை வாசித்தேன். உன் மகளுக்கு அக்டோபர் கடைசியில் பிரசவம் என்ற செய்தி கேட்டு என் வீட்டில் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கச்சிக்கு இப்போதே சொல்லிவிடு: பிரசவ மருந்துப் பொடியெல்லாம் அங்கிருந்தே அரைத்து எடுத்து வரட்டும், மற்ற சாமான்கள் இங்கே கிடைக்கும். உன் மகள் இருக்கும் பிட்ஸ்பர்க்கில் இருந்து எங்கள் வீடு 200 மைல்தான். நீ வந்து தங்கப்போகும் ஆறு மாதமும் அங்கேயே அடைந்து கிடக்க விடமாட்டேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகனை ஒவ்வொன்றுக்கும் தொந்தரவு செய்யாமல் பெருமாள் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் நீயே ஓட்டிப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் தங்கள் நாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு பென்சில்வேனியாவில் ஒரு வருஷம் வரை ஓட்டலாம். அந்த லைசென்ஸ் அதற்குள் முடிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இங்கே கட்டாயமில்லை, ஆனால் எடுத்து வருவது நல்லது என்று அரசாங்கமே சொல்கிறது. பக்கத்து மாநிலத்துக்குப் போனால் சட்டம் வேறாக இருக்கும். வாடகைக் கார் எடுத்தால் அந்தக் கம்பெனிக்கென்று தனி விதி இருக்கும். அதனால் நான் சொல்வது: எடுத்து வந்துவிடு.

அதை இங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். எந்த நாடு உனக்கு லைசென்ஸ் கொடுத்ததோ, அந்த நாடுதான் இந்தப் பெர்மிட்டையும் கொடுக்க வேண்டும். இங்கே டிரிப்பிள் ஏ என்று நாங்கள் சொல்கிற ஆட்டோமொபைல் கிளப் இருக்கிறதே, அது 20 டாலர் வாங்கிக்கொண்டு, இரண்டு போட்டோவை ஒட்டி, உடனே போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் அமெரிக்க லைசென்ஸ் வைத்திருப்பவனுக்கு மட்டும்தான். உனக்குத் திருநெல்வேலி ஆர்டிஓ ஆபீஸ்தான் கதி. படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய். விண்ணப்பத்தை அரசாங்கத்தின் பரிவாகன் வலைத்தளத்திலேயே போடலாம். முன்பு டாக்டர் சர்டிஃபிகேட்டும் விசாவும் கேட்பார்கள். 2021 ஜனவரியில் அந்த இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவனிடம் மறுபடி உடல்நலச் சான்று கேட்பானேன், இறங்கிய இடத்திலேயே விசா கொடுக்கிற நாடுகளும் இருக்கின்றனவே என்பதுதான் காரணம். இருந்தாலும் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் பையில் இருக்கட்டும். ஒரு காகிதத்துக்காக இரண்டாம் முறை பஸ் ஏறாதே.

இரண்டு விஷயத்தைக் கவனி. ஒன்று, பெர்மிட் ஒரு வருஷம்தான் செல்லும், அதற்கு முன்பே லைசென்ஸ் முடிந்தால் அதோடு இதுவும் முடிந்தது. ரொம்ப முன்னாலேயே எடுத்து வைக்காதே, செப்டம்பரில் எடு. இன்னொன்று, உன் லைசென்ஸ் என்றைக்கு முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார். 55 தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து வருஷத்துக்குத்தான் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள். நீ இங்கே இருக்கும்போது அது முடிந்துபோனால், கையில் எத்தனை பெர்மிட் இருந்தும் பிரயோஜனம் இல்லை. முடிவதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே புதுப்பிக்கக் கொடுக்கலாம். முதலில் அதை முடி, அப்புறம் பெர்மிட். ஏனென்றால் இந்தப் பெர்மிட் தனி லைசென்ஸ் இல்லை. உன் லைசென்ஸில் இருப்பதைப் பல மொழிகளில் எழுதி, எந்தெந்த வண்டி ஓட்டலாம் என்று காட்டுகிற ஒரு சின்னப் புத்தகம். லைசென்ஸ் அட்டையையும் கூடவே வைத்திருக்க வேண்டும். போனில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டுவதெல்லாம் நம் ஊர்ப் போலீஸோடு சரி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன வருஷம் ஜப்பான் போயிருந்தோம் இல்லையா? கார் வாடகைக் கவுன்டரில் எங்களுக்கு முன்னால் நம் நாட்டுப் பையன் ஒருவன், இருபத்தைந்து வயது இருக்கும், புதுசாகக் கல்யாணம் ஆனவன். பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் கார்டை நீட்டினான். ஏதோ ஒரு வலைத்தளத்தில் பணம் கட்டி வாங்கியது, பத்து வருஷம் செல்லும் என்று அதில் போட்டிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் அதை இரண்டு கையாலும் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, தலைகுனிந்து அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அப்புறம் என்னுடையதை வாங்கினாள். சாம்பல் நிற அட்டை, ரேஷன் கார்டு மாதிரி எளிமையான புத்தகம். முதல் பக்கத்தில் 1949 என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய், கார் என்ற வரிக்கு நேரே முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். அவ்வளவுதான், சாவியைக் கொடுத்துவிட்டாள். 1949-இல் ஜெனீவாவில் போட்ட ஒப்பந்தம் அது, ஜப்பான் அந்த மாதிரிப் பெர்மிட்டைத்தான் ஏற்றுக்கொள்கிறது. இந்தியாவும் அதில்தான் இருக்கிறது. அந்தப் பையன் முறைப்படி ஆர்டிஓவில் எடுத்திருந்தால் அவனுக்கும் சாவி கிடைத்திருக்கும். அவனுடைய புது மனைவியின் முகம் வாடியதை இவள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். ஒரு வருஷத்துக்கு மேல் செல்லும் என்று யாராவது உனக்கு இதை விற்க வந்தால், அந்த வார்த்தையிலேயே தெரிந்துகொள், அது பொய்.

இனி டிரிப்பிள் ஏ. வழியில் வண்டி நின்றால் உதவிக்கு வரும் அந்தக் கிளப்பில் மகள் மெம்பராக இருக்கிறாள், அது போதாதா என்று கேட்டிருந்தாய். இதற்கு என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும், பிப்ரவரி மாதம். ஸ்கிராண்டனில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு இன்டர்ஸ்டேட் 81 நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தோம். ஹேசில்டன் தாண்டும்போது ஹெட்லைட் மெல்ல மெல்ல மங்கியது, ரேடியோ நின்றது, கடைசியில் வண்டியே நின்றது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. ஓரங்கட்டி நிறுத்தினேன். வெளியே பனி பெய்கிறது, பக்கத்தில் லாரிகள் போகும் வேகத்தில் எங்கள் கார் ஆடுகிறது. ஹீட்டர் இல்லை. இவள் பட்டுப்புடவைக்கு மேல் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கையில் வளைகாப்புச் சாதப் பொட்டலம். மெம்பர் கார்டின் பின்னால் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் முதலில் கேட்டது காரைப் பற்றி இல்லை. ‘நீங்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?’ என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஐம்பது நிமிஷத்தில் மஞ்சள் விளக்கு சுழல டோ டிரக் வந்தது. நம் வயதுதான் இருக்கும் அந்த மனிதருக்கு. முதல் வேலையாக இவளைக் கைபிடித்து ஏற்றித் தன் கேபினில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அப்புறம்தான் வண்டியைப் பார்த்தார். டிரக்கின் பின்தளம் அப்படியே பின்னால் நகர்ந்து, சாய்ந்து, தரையைத் தொட்டது. இரும்புக் கயிற்றின் கொக்கியைக் காருக்கு அடியில் மாட்டி ஒரு லீவரை இழுத்தார். கார் தானாகத் தவழ்ந்து மேலே ஏறியது. நான்கு சக்கரத்துக்கும் பட்டை போட்டு இறுக்கிவிட்டு, ஒவ்வொரு பட்டையையும் கையால் தட்டிப் பார்த்தார். வழியில் சாதப் பொட்டலத்தைப் பிரித்து அவருக்கும் கொடுத்தாள் இவள். தேங்காய்ச் சாதத்தை விரும்பிச் சாப்பிட்டார்.

கிளப் விஷயத்தில் அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. என்னிடம் இருந்தது அடிப்படை மெம்பர்ஷிப். எங்கள் கிளப்பில் அதற்கு 5 மைல்தான் இலவசமாக இழுப்பார்கள். வீடோ 80 மைல். மிச்சத்துக்கு மைல் கணக்கில் கையிலிருந்து கொடுத்தேன். மறுநாளே ‘பிளஸ்’ என்கிற அடுத்த படிக்கு மாறிவிட்டேன், அதில் 100 மைல் வரை இழுப்பார்கள். டிரிப்பிள் ஏ என்பது ஒரே கம்பெனி இல்லை, வட்டாரத்துக்கு வட்டாரம் தனித்தனிக் கிளப்புகள் சேர்ந்த கூட்டமைப்பு. அதனால் கட்டணமும் தூரமும் இடத்துக்கு இடம் மாறும். மகள் எந்தப் படியில் இருக்கிறாள் என்று கேட்டுக்கொள். குளிர்காலத்தில் கைக்குழந்தையோடு வெளியே போகிறவர்களுக்கு அடிப்படை மெம்பர்ஷிப் போதாது என்பது என் அபிப்பிராயம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. மெம்பர்ஷிப் ஆளுக்குத்தான், காருக்கு இல்லை. இது தெரியாமல் என் மைத்துனனைச் சிரமப்படுத்தினேன். அவன் இங்கே வந்திருந்தபோது என் காரைக் கொடுத்து நயாகரா பார்த்துவிட்டு வரச் சொன்னேன். வழியில் பேட்டரி இறங்கிவிட்டது. என் கார்டு இருக்கிறதே என்று நான் இங்கிருந்து கூப்பிட்டால், ‘மெம்பர் வண்டியோடு இருக்கிறாரா?’ என்று கேட்டார்கள். நான் இல்லையே. விதி அதுதான், நான் அதை வாசித்துப் பார்க்காதது என் தப்பு. மெம்பர் யாருடைய காரில் போனாலும், ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும்கூட, உதவி வரும். மெம்பர் இல்லாமல் அவருடைய கார் மட்டும் போனால் வராது. ஆகவே, நீயும் தங்கச்சியும் தனியாகக் கோயிலுக்குப் போகும் நாளில் மகளின் கார்டு உங்களுக்கு உதவாது. ஒரே வீட்டில் இருப்பவர்களைக் குறைந்த கட்டணத்தில் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு மாதம் தங்கப்போகும் அப்பாவைச் சேர்க்க முடியுமா என்று மகளைக் கிளப்பில் விசாரிக்கச் சொல். கூடவே கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போன் பண்ணி, அப்பாவும் ஓட்டுவார் என்று சொல்லி, பெயரைச் சேர்க்க வேண்டுமா என்று கேட்கச் சொல். இந்த இரண்டு போனும் நீ விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பஞ்சர், பேட்டரி, பெட்ரோல் தீர்ந்துபோவது, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவது எல்லாவற்றுக்கும் வருவார்கள். வருஷத்துக்கு இத்தனை தடவை என்று கணக்கு உண்டு. ஓட்டல் தள்ளுபடியெல்லாம் இருக்கிறது, அதற்காக யாரும் சேர வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது அவர்கள் தரும் வரைபடம். ஜிபிஎஸ் வராத காலத்தில், ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், கவுன்டர் பெண்மணி நீளமான துண்டுத் துண்டு வரைபடங்களை வரிசையாக அடுக்கி, நாம் போக வேண்டிய சாலை மேல் மார்க்கரால் கோடு இழுத்து, ரோடு வேலை நடக்கும் இடத்தில் முத்திரை குத்தி, சுருள் கம்பியில் கோத்துக் கொடுப்பார். ட்ரிப்டிக் என்று பெயர். ஃப்ளோரிடா போனதை அலமாரியில் இன்னும் வைத்திருக்கிறேன். நீ வரும்போது காட்டுகிறேன்.

என் பேத்திக்கும் இந்தக் கிளப்போடு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு போகப்போகிறாள், பள்ளியில் சேஃப்டி பெட்ரோல் என்கிற மாணவர் பாதுகாப்புக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தோளில் இருந்து குறுக்காக ஒளிரும் பட்டை, அதில் ஒரு பேட்ஜ். சின்னப் பிள்ளைகள் பஸ்ஸில் இருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும்போது கையை நீட்டித் தடுத்து, பார்த்து அனுப்ப வேண்டும். 1920-லிருந்து டிரிப்பிள் ஏ நடத்திவரும் ஏற்பாடு இது. கண்ணாடி முன் நின்று கையை நீட்டிப் பழகுகிறாள். அவளைப் பார்த்ததும் உனக்குச் சொல்ல நினைத்தது: மஞ்சள் பள்ளிப் பேருந்து நின்று சிவப்பு விளக்கு மின்னினால், எதிர்ப்பக்கம் வருகிற நீயும் நிற்க வேண்டும். நடுவில் சாலையை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பு இருந்தால்தான் போகலாம். நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். வந்ததும் முதல் வாரம் நான் பிட்ஸ்பர்க் வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன். நீ ஓட்டு, நான் மெம்பர், வண்டி நின்றாலும் கவலையில்லை.

ஆலங்குளம் தாண்டி நம் அம்பாசிடர் நின்ற ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? ஸ்டெப்னியைக் கழற்றினால் அதிலும் காற்று இல்லை. வாழைத்தார் லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, கயிறு கட்டித் தென்காசி வரை இழுத்துப்போய் விட்டார், டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அவர் பெயரைக்கூட நாம் கேட்கவில்லை. ஹேசில்டனில் அந்த டிரக்கில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

அடுத்த ஜூலையில் குற்றாலம் சீசனுக்கு நாங்கள் வருவதாக இருக்கிறோம். இங்கே பெர்மிட் எடுத்துக்கொண்டு வந்தால் அங்கே நானும் ஓட்டலாம், ஜூன் மாதம் எடுத்துவிடுகிறேன். திருநெல்வேலியில் இருந்து குற்றாலம் வரை உன் காரை நான்தான் ஓட்டுவேன். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மட்டும் நீ பார்த்து வை.

தங்கச்சிக்கும் மகளுக்கும் எங்கள் அன்பு. ஆர்டிஓ ஆபீஸ் போய் வந்ததும் ஒரு வரி எழுது.

உன்,
சேகர்