பாயிந்தரை இந்த ஜனவரியில் விற்காதீர்கள்

மான்செஸ்டர் யுனைடெட் நிர்வாகத்துக்கு, குறிப்பாக யாரை வாங்குவது, யாரை விற்பது என்று தீர்மானிக்கும் ஜேசன் வில்காக்ஸ் அவர்களுக்கு,

வணக்கம்.

பிரைட்டனிடம் 1-2 என்று தோற்று எஃப்.ஏ. கோப்பையிலிருந்தும் வெளியேறியாகிவிட்டது. லீக் கோப்பையை ஆகஸ்ட்டிலேயே கிரிம்ஸ்பியிடம் விட்டுக்கொடுத்தோம். ஐரோப்பியப் போட்டி எதிலும் இந்த முறை இடமில்லை. கூட்டிப் பார்த்தால் இந்த சீசனுக்கு மொத்தம் 40 ஆட்டங்கள். 1914-15க்குப் பிறகு யுனைடெட் இவ்வளவு குறைவாக ஆடியதே இல்லை. மிச்சம் இருப்பவை 17 லீக் ஆட்டங்கள் மட்டும். பயிற்சியாளர் அமோரிமையும் அனுப்பிவிட்டீர்கள். யார் மீதாவது கோபத்தைக் காட்டியாக வேண்டும் என்ற மனநிலையில் இருக்கும் ரசிகர்களுக்கு மாற்று கோல்கீப்பர் அல்தாய் பாயிந்தர் வசதியாகக் கிடைத்திருக்கிறார். ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் ஜனவரி சந்தை மூடுவதற்குள் அவரை விற்றுத் தொலையுங்கள் என்கிறார்கள்.

விற்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அதற்காக அவர் நன்றாக ஆடினார் என்று வாதாட வரவில்லை. ஆடவில்லை. சீசனின் முதல் ஆறு லீக் ஆட்டங்களில் அவர்தான் கோல்கீப்பர். இரண்டு வெற்றி, ஒரு டிரா, மூன்று தோல்வி. வாங்கிய கோல்கள் 11. ஒரு ஆட்டத்தில்கூட கோல் வாங்காமல் திரும்பவில்லை.

அந்தப் பதினொன்றில் முதல் கோலே போதும், சிக்கல் எங்கே என்று புரிந்துகொள்ள. ஆகஸ்ட் 17, ஓல்ட் டிராஃபோர்ட், ஆர்சனல். டெக்லான் ரைஸ் அடித்த கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதை, கோலுக்கு மிக அருகே வளைந்து வந்தது. நெரிசலுக்குள் பாயிந்தர் கை நீட்டினார், பந்தைச் சரியாகத் தட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. கலாஃபியோரி தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 0-1, ஆட்டமும் அதோடு போனது. அதற்கு எட்டு மாதம் முன்பு, 2024 டிசம்பர் 19 அன்று, லீக் கோப்பைக் காலிறுதியில் டோட்டன்ஹாமின் சன் ஹியுங்-மின் கார்னரிலிருந்து நேராகவே கோல் போட்டார். அன்றைக்கும் இவர்தான். கோல்கீப்பரை இடித்துவிட்டார்கள் என்று இரண்டு முறையும் நம் தரப்பில் முறையிட்டோம். நடுவர்கள் காதில் வாங்கவில்லை. வாங்கவும் மாட்டார்கள். இன்றைய பிரீமியர் லீக்கில் கோல்கீப்பரைச் சுற்றி நாலு பேர் நிற்பது சட்டத்துக்குள்தான் வருகிறது. கார்னருக்கென்றே தனிப் பயிற்சியாளரை வைத்து ஆர்சனல் அதை ஒரு தொழிலாகவே நடத்துகிறது.

ஆறரை அடி உயரம் இருந்தும் ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். உயரம் இருந்தால் பந்து எட்டும், அவ்வளவுதான். எப்போது கோல் கோட்டிலிருந்து முன்னே கிளம்புவது, எப்போது கோட்டிலேயே நிற்பது என்ற அரை நொடித் தீர்மானம் வாரா வாரம் அடிபட்டுத்தான் வரும். பயிற்சி மைதானத்தில் சக ஆட்டக்காரர்கள் யாரும் விலாவில் முழங்கையை வைப்பதில்லை. ஃபெனர்பாச்சேயிலிருந்து 2023 செப்டம்பரில் வந்தவருக்கு அந்த முதல் சீசனில் நீங்கள் கொடுத்த ஆட்டம் ஒன்றே ஒன்று, எஃப்.ஏ. கோப்பையில் நியூபோர்ட் கவுண்டியுடன். அடுத்த சீசனில் லீக்கில் முதல் முறையாக இறங்கியதே ஏப்ரலில், நியூகாசில் மண்ணில். லியோனில் முதல் கோல்கீப்பர் ஓனானா தவறு செய்த பிறகு அவருக்கு ஓய்வு என்று சொல்லி இவரை இறக்கினீர்கள். 1-4.

அதே ஆள்தான் 2025 ஜனவரி 12 அன்று ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்தில் பத்துப் பேரோடு ஆடிய அணியைக் காப்பாற்றினார். ஒடெகார்டின் பெனால்டியைத் தடுத்தார். ஆட்டம் 1-1 என்று முடிந்து ஷூட்அவுட்டுக்குப் போனபோது ஹாவெர்ட்ஸின் உதையையும் தடுத்தார். அன்று அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்களில் பாதிப் பேராவது இன்று விற்கச் சொல்லும் கூட்டத்தில் இருப்பார்கள்.

ஆகஸ்ட்டுக்கு வருகிறேன். அந்த ஆறு ஆட்டத்துக்கும் பாயிந்தரை நம்பர் ஒன்னாக யார் ஆக்கியது? ஓனானாவுக்குக் கோடைப் பயிற்சியின்போது தொடையில் காயம். குணமான பிறகும் லீக்கில் அவரை இறக்க மனமில்லை. புது கோல்கீப்பரை வாங்குவதா வேண்டாமா என்று இழுத்து இழுத்து, செப்டம்பர் 1, சந்தை மூடும் நாளன்று ஆன்ட்வெர்ப்பிலிருந்து சென்னே லாமென்ஸை வாங்கினீர்கள். அவர் களமிறங்க அக்டோபர் 4 ஆகிவிட்டது. அன்று சண்டர்லேண்டை 2-0 என்று வென்றோம், கேள்வி தீர்ந்தது. ஜூலையிலேயே இதை முடித்திருந்தால் பாயிந்தர் பெஞ்சில் இருந்திருப்பார், இந்த வசவும் அவருக்கு வந்திருக்காது. மாற்று ஆளாக வாங்கியவரை முதல் ஆளின் இடத்தில் நிறுத்திவிட்டு, முதல் ஆளின் அளவுகோலால் அளப்பது நியாயமாகப் படவில்லை.

மாற்று ஆளாகவும் அவர் தேற மாட்டார் என்று சொன்னால், அது வேறு வாதம். அதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. பக்கத்து வீட்டைப் பாருங்கள், நமக்கு வயிறு எரிந்தாலும். 2022 ஏப்ரலில் வெம்ப்ளியில் மான்செஸ்டர் சிட்டியின் மாற்று கோல்கீப்பர் ஸ்டெஃபன் காலடியில் பந்தை வைத்துக்கொண்டு யோசித்து நிற்க, லிவர்பூலின் மானே சறுக்கி வந்து கோல் ஆக்கினார். 2-3, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி போயிற்று. சிட்டி கூச்சல் போடவில்லை. கோடை வரட்டும் என்று காத்திருந்து, பீலஃபெல்டிலிருந்து ஸ்டெஃபான் ஒர்டேகாவைக் காசே கொடுக்காமல் கூட்டிவந்தார்கள். அப்புறம் ஸ்டெஃபனை மிடில்ஸ்பரோவுக்கு லோனில் அனுப்பினார்கள். 2024 மே 14 அன்று டோட்டன்ஹாமுடனான லீக் ஆட்டத்தில் முதல் கோல்கீப்பர் எடர்சன் காயப்பட்டு வெளியேற, பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஒர்டேகா, தனியாகப் பாய்ந்து வந்த சன்னைத் தடுத்தார். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் பட்டம் ஆர்சனலுக்குப் போயிருக்கலாம். ஸ்டெஃபனை மாற்றியது சரிதான். ஆனால் மாற்றிய விதத்தில் அவசரம் இல்லை.

நம் நிலைமையில் இப்போது பாயிந்தரை விற்றால் லாமென்ஸுக்குப் பின்னால் யார்? டாம் ஹீட்டன். வருகிற ஏப்ரலில் அவருக்கு 40 வயது. நம் இளம் கோல்கீப்பர் ராடெக் வீடெக் பிரிஸ்டல் சிட்டியில் லோனில் வாரா வாரம் ஆடிக்கொண்டிருக்கிறார். அவரைப் பிடித்து இழுத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்தால், பாயிந்தருக்குச் செய்த அதே தவற்றை ஒரு இளைஞனுக்கும் செய்ததாகும். ஜனவரியில் அவசரத்துக்கு ஒருவரை வாங்கினால் விலை எகிறும், ஆளும் இரண்டாந்தரமாக இருப்பார். செப்டம்பரில் செல்சி நம் மைதானத்துக்கு வந்தபோது ஐந்தாவது நிமிடத்திலேயே அவர்கள் கோல்கீப்பர் சான்செஸுக்குச் சிவப்பு அட்டை. மாற்று கோல்கீப்பர் யோர்கென்சன் உடம்பைச் சூடேற்றக்கூட நேரமில்லாமல் உள்ளே ஓடினார். மிச்சமிருக்கும் 17 ஆட்டத்தில் ஒன்றில் அது நமக்கும் நடக்கலாம். அப்போது 27 வயதுக்காரர் ஓடுவது நல்லதா, 40ஐத் தொடுபவர் ஓடுவது நல்லதா?

பாயிந்தர் பக்கம் ஒரு நியாயம் இருப்பதும் எனக்குத் தெரியும். மார்ச்சில் அவருடைய நாடான துருக்கிக்கு ருமேனியாவுடன் பிளே-ஆஃப், ஜெயித்துக்கொண்டே போனால் உலகக் கோப்பை. வேறு கிளப்பில் வாரா வாரம் ஆடினால் தேசிய அணியில் அவர் மதிப்பு கூடும். அதனால் அவரே வந்து கேட்டால், முதலில் இன்னொருவரைக் கையெழுத்துப் போடவைத்து விட்டு, அப்புறம் அனுப்புங்கள். தானாகக் கேட்காத ஆளைக் கூட்டத்துக்குப் பயந்து தள்ளிவிடாதீர்கள்.

கோடை வந்ததும் தடுக்கவும் செய்யாதீர்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், முன்பு மாற்று கோல்கீப்பராக இருந்த செர்ஜியோ ரொமேரோவுக்கு இந்த கிளப் செய்தது எங்களுக்கு மறக்கவில்லை. ஆறு சீசனில் 61 ஆட்டம், அதில் 39ல் கோலே வாங்கவில்லை. 2017 யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் அயாக்ஸை 2-0 என்று வென்றபோது கோலில் நின்றவர் அவர். 2020 எஃப்.ஏ. கோப்பையில் முந்தைய சுற்றுகளில் அவரை ஆடவைத்துவிட்டு, செல்சியுடனான அரையிறுதியில் முதல் கோல்கீப்பர் டி ஹெயாவை இறக்கினீர்கள், 1-3 என்று தோற்றோம். அந்த ஆண்டு எவர்டனுக்குப் போகும் வாய்ப்பும் கைகூடாமல் போய், அடுத்த சீசன் முழுக்க ஒரு ஆட்டமும் இல்லாமல் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார். யுனைடெட் கண்ட மிகச் சிறந்த மாற்று கோல்கீப்பருக்கே அந்தக் கதி. பாயிந்தர் ரொமேரோ அளவுக்கு வருவாரா என்றால் வர மாட்டார். ஆனாலும் வழியனுப்பும் முறை ஆளின் தரத்தைப் பார்த்து மாறக்கூடாது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். மே வரை பாயிந்தர் இருக்கட்டும். மிச்ச மாதங்களில் கார்னர் பயிற்சிக்கென்று அவரைத் தனியாக எடுத்து, பத்துப் பேரை மேலே விட்டு அடித்துப் பழக்குங்கள், நடுவர் ஊத மாட்டார் என்று வைத்துக்கொண்டே. ஜூனில் நியாயமான விலையோடு யார் வந்தாலும் ஐந்துக்கும் பத்துக்கும் பேரம் பேசாமல் விடுங்கள். அவர் இடத்துக்கு வீடெக்கா, வெளியாளா என்பதைக் கோடைப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள், செப்டம்பர் 1க்குத் தள்ளாதீர்கள். வீடெக் என்றால், அடுத்த சீசன் உள்நாட்டுக் கோப்பை ஆட்டங்கள் அனைத்தும், அரையிறுதி உட்பட, அவருக்குத்தான் என்று புதுப் பயிற்சியாளரிடம் இப்போதே பேசி வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
நள்ளிரவு தாண்டியும் உங்கள் ஆட்டங்களைப் பார்க்கும் ஒரு ரசிகன்
சென்னை, ஜனவரி 2026